ஜனாதிபதியின் நாய், பக்கம் 611

"நாய் மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை" என்று வாசித்து முடித்தாள் மனைவி.

அட்டைக்காரர் தடித்த பேனாவை எடுத்து, உள்ளங்கை அகல அட்டை ஒன்றில் கொட்டை எழுத்தில் எழுதினார்: நாய், வாசலில் காத்திருத்தல். எழுதிவிட்டு நிமிராமலே கேட்டார்.

"பக்கம்?"

"அறுநூத்திப் பதினொண்ணு. அவ்வளவுதான், உங்க ஜனாதிபதி போய்ச் சேர்ந்தாச்சு." தாள்கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்தி உறையில் போட்டாள். "பால் தீர்ந்துபோச்சு. காலையில எனக்கு ஞாபகப்படுத்துங்க."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவர் படுக்கையறை வாசலில் நின்று பாலை ஞாபகப்படுத்தினார். கொஞ்சம் குரலை உயர்த்தி இன்னொரு முறையும் ஞாபகப்படுத்தினார். தூக்கத்திலேயே இதயம் நின்றுபோயிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்று பிறகு வந்த மருத்துவர் சொன்னார்.

அட்டைக்காரர் என்பது அச்சக வட்டாரத்தில் அவருக்கு வைத்த பெயர். தடிமனான புத்தகங்களின் கடைசியில், எந்தப் பெயர், எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, சொல்லடைவு, அதைத் தயாரிப்பதுதான் அவர் தொழில். ஒரு விஷயத்துக்கு ஒரு அட்டை. அட்டைகளுக்குச் செருப்புக்கடை அட்டைப்பெட்டிகள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பக்க எண்கூடத் தப்பியதில்லை என்பது அவருடைய பெருமை. அத்தனை புத்தகங்களில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை என்பது அவர் வெளியே சொல்லாத விஷயம். யார் எந்தப் பக்கத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். ஏன் செய்துகொண்டார்கள் என்று கேட்டால் விழிப்பார்.

இன்னொரு ரகசியமும் இருந்தது. இரண்டு வருஷமாக அவருக்குக் கண்புரை. எழுத்துகள் எறும்புக் கூட்டமாக ஊர்ந்தன. அறுவைசிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னதற்கு, கையில் இருக்கிற புத்தகம் முடியட்டும் என்றார். அந்தப் புத்தகம் முடிந்தது, அடுத்தது வந்தது. பதிப்பாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். அதனால் மனைவி வாசிப்பாள், அவர் அட்டை எழுதுவார். இந்த ஏற்பாடு இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் வாழ்க்கை வரலாறு, மொழிபெயர்ப்பில், அறுநூற்றுப் பதினொரு பக்கமாக வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. புத்தகத்தின் கவர்ச்சியெல்லாம் தாள்கட்டோடு வந்த மேலட்டையில் இருந்தது. கம்பீரமான முகம், பின்னால் கொடி, கையில் எடுத்தால் ஒரு கௌரவமான கனம். குறையெல்லாம் உள்ளே இருந்தது. ஜனாதிபதி பன்னிரண்டாம் பக்கத்தில் பிறந்தார். பிறந்த கையோடு சுங்கவரி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். முதல் பத்து நாளும் அட்டைக்காரர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். பேனா கையிலிருந்து நழுவி, அவருடைய எல்லா வேட்டிகளிலும் மசிக் கோடு விழுந்தது.

88-ஆம் பக்கத்தில் ஒரு நாய் வந்தது. அட்டைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மழையில் நனைந்த தெருநாய் அது. ஜனாதிபதியின் பின்னாலேயே நடந்து வந்து, மந்திரிசபைக் கூட்டம் நடக்கும்போது மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டது. யாராவது பொய் சொன்னால் மெதுவாக உறுமியது. அன்று அட்டைக்காரர் பல மாதங்களுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். அதற்கப்புறம் மாலை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தார். 140-ஆம் பக்கத்தில் ஜனாதிபதி தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடு முழுக்கத் தேடினார். "என்ன மனுஷன் இவன், தலையிலயே வெச்சுக்கிட்டுத் தேடறான்" என்று அட்டைக்காரர் சிரித்தார். மனைவி எட்டி அவர் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிவிட்டு, மேலே வாசித்தாள். 233-இல் நாய்க்கும் சமையல்காரிக்கும் தகராறு. 402-இல், கண் மங்கியதை மந்திரிகளிடம் மறைத்துக்கொண்டு டாக்டரிடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்த ஜனாதிபதியை, நாய் சட்டைக்கையைக் கவ்வி வண்டிவரை இழுத்துக்கொண்டு போனது.

"நாட்டையே ஆளறான், ஒரு டாக்டர்கிட்ட போறதுக்கு இந்தப் பாடா? சரியான பிடிவாதக்காரன்" என்றார் அட்டைக்காரர்.

"ஆமாங்க" என்றாள் மனைவி.

அவள் போன மூன்றாம் நாள் நூலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். வாசலில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு பித்தளை டோக்கன் கொடுப்பவள். எல்லாரும் டோக்கனம்மா என்றுதான் சொல்வார்கள். மனைவி தினமும் மத்தியானம் செய்தித்தாள் படிக்கிறேன் என்று நூலகத்துக்குப் போய்வருவது வழக்கம். பதினேழாம் நம்பரில் மனைவியின் குடை தங்கிவிட்டதாம், கொண்டுவந்திருந்தாள். குடையைக் கொடுத்துவிட்டு, "ஐயா, அம்மா அந்த ஜனாதிபதி புத்தகத்தைப் பத்தி..." என்று ஆரம்பித்தாள். அட்டைக்காரருக்கு அன்று எந்தப் புத்தகத்தைப் பற்றியும் கேட்கத் தெம்பில்லை. இன்னொரு நாள் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்துப் புத்தகம் வெளியானது. இன்னும் ஒரு மாதம் கழித்துப் பதிப்பாளர் போன் செய்தார்.

"ஐயா, சின்ன விஷயம்தான். நாய் எண்பத்தெட்டுல இல்லையாம்."

"யார் சொன்னது?"

"ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர் கடிதம் போட்டிருக்கார். புத்தகத்தோட கவர்ச்சின்னு ஒரு பக்கம், குறைன்னு மூணு பக்கம். எண்பத்தெட்டுல பருத்தி வரிதான் இருக்காம்."

அட்டைக்காரருக்குக் காது சூடாகிவிட்டது. "நீங்க புத்தகத்தைப் படிச்சீங்களா?"

"என்ன ஐயா இப்படிக் கேட்டுட்டீங்க? நான் போட்ட புத்தகத்தை நான் படிக்காமலா? அந்த நாய் வாசல்லயே கிடக்கிற இடத்துல எனக்குத் தொண்டையை அடைச்சிடுச்சு."

நாய் இருப்பது உறுதியாகிவிட்டது. அப்படியானால் எண்தான் பிரச்சினை. எண்ணை வாசித்துச் சொன்னது மனைவி. அவள் பால் கணக்கில்கூட ஒரு நாள் தப்பியவள் இல்லை. அட்டைக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"முன்னுரை எத்தனை பக்கம்?"

"பதினாறு. கடைசி நேரத்துலதான் வந்துச்சு."

"பாருங்க. நான் அட்டை எழுதினப்ப முன்னுரை கிடையாது. எல்லா எண்ணும் பதினாறு தள்ளிப்போயிருக்கு. 'பக்க எண்களோடு பதினாறைக் கூட்டிக்கொள்ளவும்'னு ஒரு சீட்டு அடிச்சு ஒட்டிடுங்க."

சீட்டு அடித்து, மிச்சமிருந்த எல்லாப் பிரதிகளிலும் அடைவின் முதல் பக்கத்தில் ஒட்டினார்கள். தலைமையாசிரியருக்கும் ஒன்று தபாலில் போனது. முன்னுரைக்குத் தனி எண் போட்டிருக்கிறார்கள், உள்ளே எண் எதுவும் தள்ளிப்போகவில்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் அட்டைக்காரர் இல்லை. பதிப்பாளர் பார்க்கிற பழக்கமில்லாதவர்.

அடுத்த கடிதம் ஒரே வாரத்தில் வந்தது. பதிப்பாளர் அதைப் போனில் வாசித்தார். "முன்பு நாயைத்தான் காணவில்லை. தங்கள் சீட்டு வந்த பிறகு ஜனாதிபதியையும் காணவில்லை. பன்னிரண்டில் பிறந்திருந்தவர் இப்போது இருபத்தெட்டில் பிறக்கிறார். இருபத்தாறிலேயே அவர் சட்டப்படிப்பை முடித்துவிட்டதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

சீட்டுகளைக் கிழிக்க ஆளைப் போட்டார்கள். பசை நல்ல பசை. சீட்டோடு சேர்ந்து 'அ' வரிசையும் உரிந்து வந்தது. அமெரிக்கா முழுவதும் அதில் போய்விட்டது.

அட்டைக்காரர் அசரவில்லை. முன்னுரை இல்லையென்றால் பைண்டிங். பதினாறு பதினாறு பக்கமாக மடித்து வரும் கட்டுகளை யாரோ மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். ஆட்டோ பிடித்து பைண்டரின் பட்டறைக்குப் போனார். பசை மணமும் காகிதத் தூசியும் மண்டிய அந்த நீளமான கூடத்தில், பைண்டர் காதில் பென்சிலோடு நின்றிருந்தார். இருபது வருஷப் பழக்கம்.

"வாங்க அண்ணே. என்ன, இந்தப் பக்கம்?"

கட்டு மாறிப்போயிருக்கிறது, நாய் வேறெங்கோ போய்விட்டது என்று அட்டைக்காரர் சொன்னார். பைண்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு பிரதியை எடுத்து முதுகோடு பிளந்து, கட்டுகளை ஒவ்வொன்றாக மேஜையில் போட்டு எண்ணினார். சரியாக இருந்தது. அது ஒரு பிரதிதானே என்றார் அட்டைக்காரர். இன்னொன்றைப் பிளந்தார். அதுவும் சரி. வீம்பில் ஏழு பிரதி பிளந்தாகிவிட்டது.

"எட்டாவதையும் கிழிக்கட்டுமா? கட்டெல்லாம் அது அது இடத்துலதான் இருக்கு. நாய்தானே, எங்கயாவது திரியப் போயிருக்கும்ணே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏழு பிரதிகளைக் கிழித்தது யார் என்று பதிப்பாளர் கேட்டபோது பைண்டர் தயங்காமல் பெயரைச் சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்தது மொழிபெயர்ப்பாளர். ஓய்வுபெற்ற பேராசிரியர். அத்தியாயங்களை மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார் என்று வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. கடைசித் திருத்தத்தில் நாய் வரும் பகுதிகளை அவர் வெட்டியிருப்பார் என்று அட்டைக்காரருக்குத் தோன்றியது. மூன்று நாள் தயங்கிவிட்டுப் போன் செய்தார்.

"வெட்டறதா?" பேராசிரியர் குரலில் மாட்சிமை இருந்தது. "இந்தப் புத்தகத்துல என்னை ரொம்பச் சோதிச்சது நாய்ப் பகுதிதான் சார். மூலத்துல இருக்கிற ஈரத்தைக் கொண்டுவர எத்தனை தடவை திருத்தி எழுதினேன் தெரியுமா? ஒரு வரி வெட்டலை. வெட்டினேன்னு நீங்க வெளியில சொன்னீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

அதே வாரம் ஒரு பத்திரிகையில் மதிப்புரை வந்தது. அரசியலைவிட நாயின் வழியே ஒரு மனிதனைக் காட்டுவதுதான் நூலின் ஈர்ப்பு என்றும், சமையல்காரிக்குப் போதிய இடம் தராதது நூலின் குறை என்றும் மதிப்புரையாளர் எழுதியிருந்தார். பக்கத்துவீட்டுக்காரர் வாசித்துக்காட்டக் கேட்ட அட்டைக்காரருக்குத் தெம்பு வந்தது. அன்று மாலையே பதிப்பாளரின் போனும் வந்தது.

"ஐயா, இரண்டாம் பதிப்பு போடறோம். அந்த மதிப்புரையைப் பார்த்துட்டு எல்லாரும் கேக்கறாங்க. ஆனா ஒரு முடிவு எடுத்திருக்கேன். தப்பா நினைக்காதீங்க. அடைவை எடுத்துடலாம்னு இருக்கேன்."

அட்டைக்காரர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"பதினாலு பக்கம். இருந்தாத்தானே கடிதம் வருது? ஞாயித்துக்கிழமை நூலகத்துல இந்தப் புத்தகத்துக்கு ஒரு கூட்டம் இருக்கு, 'ஈர்ப்பும் குறைகளும்'னு. தலைமையாசிரியரும் வர்றார். நீங்க வந்து ஏதாவது விளக்கம் சொல்றதுன்னா சொல்லுங்க. இல்லேன்னா எடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டு அவர் செருப்புப்பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவள் குரல் ஒட்டியிருப்பது இந்த வீட்டில் இந்த அட்டைகளில் மட்டும்தான். பதினாலு பக்கம் என்றால் என்ன என்று பதிப்பாளருக்குத் தெரியாது. எழுபத்து நான்கு மாலைகள். அட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். தன் கொட்டை எழுத்து மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நூலக வாசலில் டோக்கனம்மா அவருடைய பையை வாங்கிக்கொண்டு பதினேழாம் நம்பர் டோக்கனைக் கொடுத்தாள். "ஐயா, உள்ளே போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள். கூட்டம் ஆரம்பித்துவிடும் அம்மா, வந்து கேட்கிறேன் என்று உள்ளே நடந்தார்.

இருபது நாற்காலியில் பதினொரு பேர். பதிப்பாளர் நாய் பற்றி இரண்டு நிமிஷம் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேராசிரியர் நாயை மொழிபெயர்த்த சிரமத்தை விவரித்தார். தலைமையாசிரியர் மட்டும் கையில் ஒரு தாளோடு எழுந்தார். மெலிந்த, நியாயமான மனிதர்.

"போர்கள், ஒப்பந்தங்கள், மாநிலங்கள் எல்லாம் சொன்ன பக்கத்துல இருக்கு. நாய், கண்ணாடி, சமையல்காரி, கண் டாக்டர், இந்த இருபத்து மூணு குறிப்பு மட்டும் சொன்ன இடத்துல இல்லை. வேற எந்த இடத்துல இருக்குன்னு அடைவு போட்டவர் சொன்னா நல்லது."

புத்தகத்தை முழுக்கப் படித்தால் கிடைத்துவிடுமே என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"முழுக்கப் படிக்கிறதா இருந்தா அடைவு எதுக்கு?" என்றார் தலைமையாசிரியர்.

எல்லாரும் அட்டைக்காரரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி மேஜையைத் தடவினார், சட்டைப்பையைத் தடவினார். முன்வரிசைக்காரர் அவர் தலையைச் சுட்டிக்காட்டினார். எடுத்து மாட்டிக்கொண்டு, விளக்கம் சொல்ல வந்தவர் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மழையில் வந்த நாய், மேஜைக்கு அடியில் உறுமல், உப்பு அள்ளிப்போடும் சமையல்காரி, மந்திரிகளுக்குத் தெரியாமல் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பதுபோல் நடித்த ஜனாதிபதி. நாய் அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துப்போன இடத்தில் பதினொரு பேரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர்கூடத் தாளால் வாயை மறைத்துக்கொண்டார். வாசலில் டோக்கனம்மா எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அட்டைக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எனக்கு இரண்டு வருஷமா எழுத்து தெரியலை" என்றார். "யார்கிட்டயும் சொல்லலை. வீட்டுல அவ வாசிச்சா, நான் எழுதினேன். அவ கடைசியா செஞ்ச வேலை இது. எண் தப்பா இருந்தா நான் காதுல தப்பா வாங்கியிருக்கேன்னு அர்த்தம். அவ தப்பாச் சொல்லியிருக்க மாட்டா. இனிமே எனக்கு வேலை குடுக்க வேண்டாம். என் பேரையும் எடுத்துடுங்க. அந்தப் பதினாலு பக்கத்தை மட்டும் எடுக்காதீங்க."

வாசலில் இருந்து டோக்கனம்மா நாலு அடி உள்ளே வந்தாள். கையில் நூலகப் பிரதி. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் அவரிடம் மட்டும் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஐயா, எண்ணும் சரி, உங்க காதும் சரி. நான் இதை முழுசாப் படிச்சுட்டேன், இதுல நாயே கிடையாது. அம்மா தினம் மத்தியானம் என் மேஜையில உக்காந்து, 'அந்தப் பிடிவாதக்காரர் தூங்காம இருக்கணும், சிரிக்கணும், கண் டாக்டர்கிட்டயும் போகணும், இன்னிக்கு நாயை எந்தப் பக்கத்துல விடலாம்'னு என்கிட்டதான் கேப்பாங்க."

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. நாய்க்காகக் கண்ணைத் துடைத்தவர்கள் யாருக்கும் அந்த அடைவை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. அறுவைசிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த பிறகு, அட்டைக்காரர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தானே பார்த்தார். ஜனாதிபதி இறந்த வரிக்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஒரு நாய் படுக்கத் தாராளமான இடம்.

அடைவில் இன்றும் அப்படியேதான் இருக்கிறது: நாய், வாசலில் காத்திருத்தல், 611.